பி.டி. அடித்தும் கோஸ் புழு சாகவில்லையே?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் தோங்காட் பக்கம் ஆண்டு முழுக்க முட்டைக்கோஸ் போடுகிறேன். வாரம் தவறாமல் பி.டி. என்ற பாக்டீரியாப் புழுமருந்தை அடிக்கிறேன். முன்பு மூன்றே நாளில் செத்த புழு இப்போது தின்றுகொண்டே இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் பி.டி. மீலீஸ் (பி.டி. நச்சைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய மக்காச்சோளம்) போட்டதால் புழுவுக்குப் பழகிவிட்டது என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஐயா, பக்கத்துத் தோட்டத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வைரமுதுகுப் பூச்சியின் புழு. கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு என்று அந்தக் குடும்பப் பயிர்களைத்தான் தின்னும். மீலீஸில் வாயே வைக்காத புழுவுக்கு அதிலிருந்து என்ன பழகும்? உங்கள் வயலில் மருந்து தோற்றிருந்தால் காரணம் வாராந்திரத் தெளிப்புதான்.

பி.டி. பாக்டீரியாவின் நச்சுப் படிகம் புழுவின் குடலில் கரைந்து, குடல் சுவரில் அதற்கென்று உள்ள இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் ஓட்டை விழும். சில மணி நேரத்தில் தீனி நிற்கும், இரண்டு மூன்று நாளில் சாகும். எங்கோ ஒன்றிரண்டு புழுவுக்குப் பிறவியிலேயே அந்த இடம் மாறியிருக்கும். மற்றதையெல்லாம் நீங்கள் கொன்றுவிட்டால், மிஞ்சியது மிஞ்சியதோடுதானே சேரும்? வெயில் காலத்தில் சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை. தீனியும் ஆண்டு முழுக்க. திறந்த வயலில் பி.டி. தெளிப்பை முதலில் தோற்கடித்ததே இந்தப் பூச்சிதான்; ஹவாயில் நடந்தது, 1990-ல் பதிவானது.

மீலீஸிலும் நம் நாட்டுக்கு அந்த அனுபவம் உண்டு. 1998-ல் பி.டி. மீலீஸ் வந்தது, 2007-ல் கிறிஸ்டியானா பக்கத்துத் தண்டுத்துளைப்பான் அதற்கு அடங்கவில்லை என்று பதிவானது. மருந்துக்கு அடங்கும் புழுவும் மிஞ்சட்டும் என்று ஓரமாகக் கொஞ்சம் சாதா மீலீஸும் நட வேண்டும் என்ற விதியைப் பலர் கண்டுகொள்ளவில்லை.

சரி, முதலில் இது எதிர்ப்புதானா, அதாவது புழு மருந்துக்கு அடங்காமல் போனதுதானா என்று பாருங்கள். இலையைத் திருப்பினால், பச்சையைச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாள் மாதிரி விட்டிருக்கும். தொட்டால் புழு துடித்து நூலில் தொங்கும். அந்த அடிப்பக்கத்தில் மருந்து படுகிறதா? உச்சி வெயிலில் அடிக்கிறீர்களா? சூடான ஷெட்டில் கிடந்த பழைய தூளா? இவற்றில் எது இருந்தாலும் நல்ல புழுவே சாகாது.

அது சரியென்றால் இரண்டு ஜாடி எடுங்கள். லேபிள் அளவுக் கரைசலில் நனைத்து உலர்த்திய கோஸ் இலை ஒன்றில், வெறும் தண்ணீரில் நனைத்தது மற்றதில். ஜாடிக்குப் பத்துச் சிறு புழு. பெரிய புழு வேண்டாம், அது எப்படியும் தாங்கும். மூன்று நாள் கழித்து மருந்து ஜாடியிலும் பெரும்பாலானவை மேய்ந்துகொண்டிருந்தால் எதிர்ப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பி.டி.யைச் சில தலைமுறைக்கு நிறுத்துங்கள். ஹவாயில் நிறுத்திய பிறகு எதிர்ப்பு குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். மூன்று வாரம் ஸ்பினோசாட் போல வேறு வழியில் கொல்லும், கோஸுக்குப் பதிவான மருந்து. அடுத்த மூன்று வாரம் இன்னொரு வகை. நாள்காட்டியைப் பார்த்து அடிக்காதீர்கள், புழுவை எண்ணிப் பார்த்து அடியுங்கள். திரும்ப பி.டி.க்கு வரும்போது லேபிளில் உள்ள பி.டி. வகை ‘குர்ஸ்டாகி’யா ‘ஐசாவாய்’யா என்று பாருங்கள். இரண்டின் நச்சும் முழுக்க ஒன்றல்ல. முன்னதுக்கு அடங்காத புழு பின்னதுக்கு அடங்கியதுண்டு.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அறுத்த கையோடு கட்டையை உழுது புதைப்பது. தளிர்விட்ட பழைய கட்டைதான் புழுவுக்கு நாற்றங்கால். ஒரு மாதமாவது வயலில் கோஸ் குடும்பமே இல்லாமல் பீன்ஸ் போடுங்கள். கடையில் பைரித்ராய்டு வகை ரசாயனப் பூச்சிமருந்து கலந்து அடிக்கச் சொன்னால் வேண்டாம். இந்தப் புழுவுக்குள் முட்டையிடும் குட்டிக் குளவிகளைத்தான் அது முதலில் கொல்லும்.