தர்மபுரிக் கறைக்கு எட்டு வெனீரா?

தர்மபுரிப் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்ததில் முன்பற்கள் பழுப்பாகிவிட்டன, மூன்று மாதத்தில் கல்யாணம், டாக்டர் எட்டுப் பல்லுக்கும் போர்சிலின் வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு) போடச் சொல்கிறார், போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பல் லேபில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவசரப்படாதீர்கள்.

அது ஃப்ளோரைடால் வந்த கறை. எந்த பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆனால் கறை எனாமலின் (பல்லின் கடினமான வெளி அடுக்கு) மேல்பகுதியோடு நின்றிருந்தால் மைக்ரோ அப்ரேஷன் (மேல்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுப்பது), அதன்பின் ப்ளீச்சிங் (பல்லை வெளுக்க வைப்பது) என்று முயன்று பார்க்கலாம். செலவும் குறைவு. உங்கள் டாக்டர் இதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் வேறொருவரிடமும் காட்டுங்கள்.

வெனீருக்குப் பல்லின் முன்பக்கத்தில் சுமார் அரை மில்லிமீட்டர் எனாமலைச் சீவ வேண்டும். சீவியது திரும்ப வளராது. பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டிவரும், அப்போதும் செலவு உங்களுடையதுதான். இதை ஏனோ யாரும் முதலில் சொல்வதில்லை.

கறை ஆழமாக இருந்து வெனீர்தான் வழி என்றால், சீவுவதற்கு முன்பே மாக்-அப் (வெனீர் போட்டால் எப்படி இருக்கும் என்று காட்டும் தற்காலிக மாதிரி) வைத்துக் கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். ப்ளீச் செய்திருந்தால் வெனீர் ஒட்டுவதற்கு முன் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பு குறையும். வெனீர் பிடிக்க எனாமலைச் சொரசொரப்பாக்கப் போடும் ஆசிட், ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு பாதிப்பு) உள்ள எனாமலில் வழக்கம்போல் வேலை செய்யாது, அதனால் இந்தக் கேஸ்களைச் செய்து பழகியவரா என்று கேளுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டும் பாதுகாப்பு உறை) போடாவிட்டால் வெனீர் உடையலாம். நிறம் மட்டும் டாய்லெட் பீங்கான் வெள்ளையில் கேட்காதீர்கள், கல்யாண ஆல்பத்தில் பல் மட்டும்தான் தெரியும்!