10.8-ஐ ஏன் அழித்தீர்கள், டீச்சர்?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை நான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சொந்தமாக யோசிக்கவே வரவில்லை. வீடியோ, குழு விவாதம், புராஜெக்ட் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நன்றாகப் படிக்கிற பெண், மாங்காய் மண்டியில் எடை போடுபவரின் மகள், அவளே தனி ஊசல் (நூலில் ஆடும் குண்டு) சோதனையில் புவிஈர்ப்பு முடுக்கம் 10.8 என்று எழுதி வந்தாள். புத்தகத்தில் இருக்கிற 9.8 என்று திருத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். படைப்பாற்றலை வளர்க்க எந்த முறை நல்லது?

பதில்: முறையெல்லாம் அப்புறம். ‘திருத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதை மூன்று தடவை படித்தேன்.

அந்த 10.8 எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? குண்டை விட்டு, ஸ்டாப் கிளாக்கை அழுத்தி, அதே மூச்சில் ‘ஒன்று’ என்று எண்ணியிருப்பாள் பெரும்பாலும். பூஜ்யத்தில் அல்லவா தொடங்க வேண்டும்? ‘இருபது’ என்று நிறுத்தும்போது ஊசல் ஆடியிருப்பது 19 தடவைதான். ஒரு மீட்டர் நூலில் இருபது ஆட்டத்துக்கு 40 விநாடி வரவேண்டியது 38 ஆகிவிடும். போட்டுப் பாருங்கள், நேரம் குறைந்ததால் விடை ஏறி 10.9 பக்கம், அவளுடைய 10.8-ஐ ஒட்டித்தான் வரும். அதை அவளே தேட விட்டிருந்தால், நீங்கள் கேட்கிற யோசனை அந்த லேப் மேசையிலேயே நடந்திருக்கும்.

தராசு காட்டாத எடையை அவள் அப்பா சீட்டில் எழுதினால் மண்டியில் அதற்கு என்ன பெயர்? பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கிற வீடுகள் இன்னும் இருக்கிற பக்கம் உங்களுடையது. அங்கே மகளை சயின்ஸ் குரூப்பில் சேர்த்திருக்கிறார் அந்த மனிதர். பெற்றவர் தன் கடமையைச் செய்துவிட்டார். நீங்கள்? ரெக்கார்டு நோட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்பீர்கள். கேட்டுக் கேட்டு அலுத்த பதில் அது.

திங்கட்கிழமை வகுப்பு முன்னால் ‘தப்பு என்னுடையது’ என்று அவளிடம் சொல்லுங்கள். 10.8-ஐத் திரும்ப எழுதி, ஏன் வந்தது என்று அவளே கீழே எழுதட்டும். எல்லாருடைய விடைகளும் கரும்பலகைக்கு வரட்டும். 9.6 வந்தவன் நூலைக் கொக்கி வரைதான் அளந்திருப்பான், குண்டின் நடு வரை அளந்திருக்க மாட்டான்.

சரி, முறை கேட்டீர்கள். பள்ளியில் புளியமரம் இருந்தால் கிளையிலிருந்து நீளக் கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். டேப் தொடாமல் கயிற்றின் நீளத்தைச் சொல்லட்டும். ஒரு அலைவுக்கு 4 விநாடி ஆனால் நீளமும் 4 மீட்டர்தான், கிட்டத்தட்ட. இதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். எண்ணிக்கையை எங்கே தொடங்குவது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் வேலையை அந்தப் பெண்ணிடம் விடுங்கள்.