சைகஸ் விதை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர் வீட்டுச் சைகஸில் காய்த்த விதைகளை வாங்கிவந்து, ஆரஞ்சு நிறத் தோலோடு அப்படியே தொட்டியில் புதைத்தேன். நான்கு மாதம் ஆகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது. கொட்டிவிடலாமா? பனை வகைதானே, இதற்கு ஏன் இத்தனை நாள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொட்டிவிடாதீர்கள். கெட்டியாக இருப்பது நல்லதுதான். அழுகியிருந்தால் விரல் பட்டதும் நசுங்கியிருக்கும்.

சைகஸ் பார்வைக்குத்தான் பனை. பனை பூக்கும் இனம். இது பூவே இல்லாதது, பைன் மரத்துக்கு உறவு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. அதனால் முதலில் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பருவத்தில் பக்கத்தில் எங்காவது ஆண் செடி கூம்பு விட்டிருந்ததா, அல்லது யாராவது மகரந்தம் தூவினார்களா? மகரந்தம் சேராவிட்டாலும் சைகஸின் சூல்கள், அதாவது விதையாக வேண்டியவை, பருத்து, நிறமேறி, அசல் விதை போலவே நிற்கும். உள்ளே கரு இருக்காது. அவற்றுக்காக எத்தனை வருடம் காத்திருந்தும் பயனில்லை.

மகரந்தம் சேர்ந்திருந்தால் கதை வேறு. சேர்ந்த பிறகும் கருவுறச் சில மாதங்கள் பிடிக்கும். இந்தச் செடியின் விந்தணு சூலுக்குள் நீந்திப்போய் முட்டையை அடைகிறது என்பதை ஜப்பானியத் தாவரவியலாளர் இக்கேனோ 1896இல் கண்டார். விதை தரும் ஒரு செடியில் நீந்தும் விந்தணு! இன்றும் நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. கருவுறுதல் இப்படித் தள்ளிப்போவதால், விதை உதிரும்போது கரு முழுதாக வளர்ந்திருக்காது. மீதி வளர்ச்சி உதிர்ந்த பிறகுதான். வெளியே எதுவும் தெரியாத இந்த மாதங்களில் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் தோலை எடுத்தே ஆக வேண்டும். அந்தச் சதை முளைப்பைத் தாமதப்படுத்தும், பூஞ்சையையும் வரவழைக்கும். இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு சுரண்டுங்கள். கையுறையை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: விதையில் சைக்காசின் என்ற நஞ்சு இருக்கிறது. குழந்தைகள், நாய்கள் வாயில் படக்கூடாது. சுத்தம் செய்தவற்றைத் தண்ணீரில் போட்டால் மிதப்பவை பெரும்பாலும் வெற்று. ஆனால் இது பரவலாக வளர்க்கும் ஜப்பானிய சைகஸ் ரெவலூட்டாவுக்குத்தான் சரி. வேறு சில சைகஸ் இனங்களில் நல்ல விதையே மிதக்கும்.

மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, விதையைப் படுக்கவைத்துப் பாதி மட்டும் புதையுங்கள். 25 முதல் 30 டிகிரி வெப்பம் போதும். ஈரம் இருக்கட்டும், தண்ணீர் தேங்க வேண்டாம். ஒன்பது மாதம்வரை இழுத்தாலும் ஆச்சரியமில்லை.

இனித் தோண்டிப் பார்க்காதீர்கள். முதலில் ஓட்டின் ஒரு முனை பிளந்து, தடித்த வெள்ளை வேர் கீழே வளையும். அதன் நுனி ஒடிந்தால் செடி பின்தங்கிவிடும். இலை வருவது அதற்கும் வெகு நாள் கழித்து. இளம் இலையின் கீற்றுகள் ஒவ்வொன்றும் சுருண்டே வெளிவரும். அப்போதும் அடியில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும், பிய்த்துவிடாதீர்கள். நாற்று இன்னும் அதிலிருந்துதான் உணவெடுக்கிறது. பெரிய தொட்டிக்கு மாற்றுவதை இரண்டாவது இலை வரும்வரை தள்ளிப்போடுங்கள்.