தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம்

கேள்வி: எங்கள் மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. இருவருக்கும் ஒரே அறைதான். இன்னோர் அறைக்கு வழியில்லை. ஆறு மாதமாக மகள் எதற்கெடுத்தாலும் தம்பியிடம் எரிந்து விழுகிறாள். குளியலறைக்குள் போனால் முக்கால் மணி நேரம் வருவதில்லை. போன வாரம் அவள் டைரியை அவன் எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான். வீடே ரெண்டுபட்டது. "நாங்க அஞ்சு பேர் ஒரே ரூம்லதான் வளர்ந்தோம்" என்கிறார் கணவர். என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த முக்கால் மணி நேரமும் உங்கள் மகள் குளித்துக்கொண்டிருக்கவில்லை. வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, யாரும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடிகிற ஒரே இடம் அதுதான். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள் உடல் மாறத் தொடங்கிவிடும். உடை மாற்றவும், அழவும், சும்மா உட்காரவும் அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

உங்கள் கணவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அந்த ஐந்து பேரில் அவர் எதை, எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். கண்டிப்பாக ஏதாவது இருந்திருக்கும்.

இடத்தைப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரியுங்கள். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் அறை அவளுக்கு மட்டும். அந்த நேரத்தில் தம்பி உங்களோடு இருக்கட்டும். அவனுக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. அவன் தரையில் கட்டி வைத்ததை யாரும் காலால் தள்ளாத நேரம். தூங்கும் நேரமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. அவன் வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், அவளுக்கு 8 முதல் 10. பதின்ம வயதில் இயல்பாகவே தூக்கம் தள்ளித்தான் வரும். அவன் தூங்கிய பிறகு சுவர்ப் பக்கம் திருப்பிய ஒரு சிறு விளக்கு போதும்.

கட்டிலைச் சுற்றி ஒரு திரை போடலாம். அலமாரியைத் தடுப்பாக வைத்தால் சுவரோடு திருகாணி போட்டு இறுக்குங்கள். சிறுவன் ஏறினால் சாயும். தரையில் கோடு போட்டு 'உன் பக்கம், என் பக்கம்' என்று மட்டும் பிரிக்காதீர்கள். மறுநாளே கட்டைவிரல் கோட்டைத் தாண்டியது என்று பஞ்சாயத்து வரும்.

டைரி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். பூட்டுள்ள பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாவி அவளிடம் மட்டும் இருக்கட்டும். 'அவசரத்துக்கு' என்று நீங்கள் இன்னொன்று வைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளின் தனிமையிலும் கடிதங்களிலும் காரணமில்லாமல் யாரும் தலையிடக் கூடாது என்று 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவே சொல்கிறது. தம்பிக்கு மட்டும் சட்டம் போட்டுவிட்டு, அலமாரியை அடுக்கும் சாக்கில் நீங்கள் டைரியைப் புரட்டினால் எல்லாம் வீண். அவள் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று உண்மையிலேயே பயந்தால் அது வேறு கதை.

அந்தப் பையனையும் திருடனைப் போல நடத்தாதீர்கள். போன வருடம் வரை கூட விளையாடிய அக்கா திடீரென்று 'வெளியே போடா' என்கிறாள். ஏன் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பதில் டைரியில் இருக்கும் என்று தேடியிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'அக்கா வளர்றா, அவளுக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும், உன் மேல கோபம் இல்ல' என்று நீங்களே சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது இருவரும் சேர்ந்து விளையாட வழி செய்யுங்கள்.

இனி அந்த அறைக்குள் போகும்போது நீங்களும் உங்கள் கணவரும் கதவைத் தட்டுங்கள். தட்டிக்கொண்டே திறக்காமல், 'வாங்க' என்று சத்தம் வரும்வரை நில்லுங்கள். பெட்டிச் சாவியை அவள் எப்படியும் ஒரு நாள் தொலைப்பாள். அன்று பூட்டை உடைக்க வேண்டி வந்தால் அவள் பக்கத்தில் இருக்கும்போது உடையுங்கள்.