மாமியாரின் முழங்காலும் ஆறு இரவு டோக்கியோவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த பயணக் கேள்விகளில் டோக்கியோ பற்றியவைதான் அதிகம். ஊர் ஒன்று, ஆனால் போகிறவர்கள் ஆளுக்கொரு விதம், அதனால் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. தனித்தனியாகவே எழுதுகிறேன்.

நவம்பர் கடைசி வாரம் ஆறு இரவு டோக்கியோ போகிறோம். நான், கணவர், பத்தாவது படிக்கும் மகள், 72 வயது மாமியார். மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம், படி ஏறினால் வலி. மகள் எந்நேரமும் படம் வரைந்துகொண்டே இருப்பாள். ஏஜெண்ட் கொடுத்த திட்டத்தில் ஒரு நாளைக்கு ஆறு இடம், நடுவே ஒரு முழு நாள் ஃபூஜி மலை, இன்னொரு நாள் டிஸ்னிலேண்ட். இது எங்களுக்கு ஒத்துவருமா? — வாசகி, திருச்சி

ஒத்துவராது. அந்தத் திட்டத்தில் உங்கள் மாமியாரும் இல்லை, உங்கள் மகளும் இல்லை. யார் பணம் கட்டினாலும் கொடுக்கிற திட்டம் அது. அதை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வீட்டு நாலு பேரிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கே தங்குவது என்பதை மாமியாரின் முழங்கால் முடிவு செய்யட்டும், எதைப் பார்ப்பது என்பதை மகளின் பென்சில் முடிவு செய்யட்டும். மீதி தானாக அமையும்.

முதலில் தங்கும் இடம். முதல் தடவை போகிற பலர் ஷின்ஜுகுவில் அறை போடுகிறார்கள். அந்த ரயில் நிலையத்தில் வாசல்கள் மட்டும் இருநூறுக்கு மேல், தவறான வாசலில் வெளியே வந்தால் தரைக்கடியிலேயே அரை கிலோமீட்டர் நடக்க வேண்டிவரும். உங்களுக்கு உயேனோ அல்லது அசகுசா பக்கம்தான் நல்லது. தரை சமமாக இருக்கும், அவசரம் குறைவு. நரிதா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் நேராக உயேனோவுக்கு வருகிறது. ஹனேதாவில் இறங்கினால் அசகுசாவுக்கு வண்டி மாறாமல் வரும் ரயில்கள் உண்டு. ஓட்டல் பார்க்கும்போது "ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்" என்று போட்டிருப்பதை நம்பி விடாதீர்கள். டோக்கியோ நிலையங்களில் லிஃப்ட் பெரும்பாலும் ஏதோ ஓரிரு வாசலில்தான் இருக்கும். லிஃப்ட் உள்ள அந்த வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் சொல்வார்கள். அறைகள் சின்னவை, நாலு பேருக்கு ஒரே அறை கிடைப்பது அரிது. பக்கத்துப் பக்கத்து அறை கேளுங்கள், அல்லது சமையல் மேடையோடு கூடிய அபார்ட்மென்ட் ஓட்டல் பாருங்கள்.

டாக்ஸி என்றால் பயப்பட வேண்டாம். முதல் ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு 500 யென் என்பதுதான் நகர்ப்பகுதியில் தொடக்கக் கட்டணம். நாலு பேர் குறைந்த தூரம் போக ரயிலைவிட அதிகமாக ஆகலாம், ஆனால் அது மாமியாரின் மாலை நேரத்தைக் காப்பாற்றும். கதவை ஓட்டுநரே உள்ளிருந்து திறப்பார், நீங்கள் கைவைக்க வேண்டாம்.

இப்போது மகள். அவள் படம் வரைகிறவள் என்றால் டோக்கியோவைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். ரியோகோகு பகுதியில் சுமிதா ஹொக்குசாய் அருங்காட்சியகம் இருக்கிறது, 2016இல் திறந்தது. 'பெரிய அலை' என்ற புகழ்பெற்ற ஓவியத்தை வரைந்த ஹொக்குசாய் பிறந்தது அந்த வட்டாரத்தில்தான். அசல் அச்சுப்படங்கள் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்பதால் நிரந்தரக் கூடத்தில் பிரதிகளைத்தான் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு மனிதர் எண்பது வயதுக்கு மேலும் எப்படி வரைந்துகொண்டே இருந்தார் என்பதை அங்கே பார்க்கலாம். அப்புறம் ஷின்ஜுகுவில் செகாய்தோ என்று பல மாடி ஓவியப் பொருள் கடை, மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை வரைகிறவர்களுக்கான நிப், மை, தாள் எல்லாம் கிடைக்கும். கின்சாவில் இதோயா, 1904இல் தொடங்கிய எழுதுபொருள் கடை. இந்த இரண்டு கடையிலும் அவளை அவசரப்படுத்தாதீர்கள். ஒரு முழு முற்பகல் கொடுங்கள்.

மிதாகாவில் கிப்ளி என்ற அனிமேஷன் படக் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கு நேரில் போய் டிக்கெட் வாங்க முடியாது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு அடுத்த மாத டிக்கெட் விற்பனைக்கு வரும். நமக்கு அது காலை ஆறரை. நவம்பருக்கு அக்டோபர் 10ஆம் தேதி அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மாமியாருக்கு ஹமாரிக்யு தோட்டம். குளத்தின் நடுவில் தேநீர்க் குடில், உட்கார்ந்து பார்க்கலாம். அங்கிருந்து சுமிதா நதியில் படகு ஏறினால் பாலங்களுக்கு அடியில் புகுந்து அசகுசா வரை நடக்காமலே வந்துவிடலாம். படகு நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அசகுசாவின் சென்சோஜி கோயில் டோக்கியோவிலேயே பழையது, முன்னால் நீளமான கடைத்தெரு, தரை சமம். மூலக் கூடத்துக்கு ஏற லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். படிக்கட்டைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாமல் அங்கே யாரையாவது கேளுங்கள். மெய்ஜி கோயில் அழகானது, ஆனால் சரளைக்கல் போட்ட நீண்ட பாதை. அதை நீங்களும் கணவரும் மட்டும் ஒரு காலையில் போய்வருவது நல்லது.

ஃபூஜிக்கு ஒரு முழு நாள் பஸ்ஸில் போவதை நான் எடுத்துவிடுவேன். ஷின்ஜுகுவில் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆவது மாடிக்குப் போக கட்டணமே இல்லை, 202 மீட்டர் உயரம். நவம்பர் கடைசியில் வானம் தெளிவாக இருக்கிற காலை நேரத்தில் அங்கிருந்தே ஃபூஜி தெரிய நல்ல வாய்ப்பு. டிஸ்னிலேண்ட் மகள் கேட்டதா, ஏஜெண்ட் போட்டதா? அவள் கேட்டிருந்தால் கட்டாயம் போங்கள், அன்று மாமியாரும் கணவரும் உயேனோ பூங்காவில் இருக்கட்டும். எல்லாரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்று, அந்தப் பருவத்தில் அங்கே மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். வெளியே பார்க்க வேண்டியதைக் காலையில் வையுங்கள். அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஒரு நாளைக்கு முக்கியமாக ஒரு இடம், பக்கத்திலேயே ஒரு சின்ன இடம், அவ்வளவு போதும். ஆறு இரவில் ஒரு பிற்பகலை வெறுமனே விட்டுவிடுங்கள்.

முட்டைகூடச் சேர்க்காத சைவம். ஜப்பானில் பட்டினிதானா? — வாசகர், கும்பகோணம்

பட்டினி இல்லை, ஆனால் ஏற்பாடு இல்லாமல் போனால் சிரமம்தான். சிக்கல் கண்ணுக்குத் தெரிகிற மீனில் இல்லை, தாஷி என்கிற சாற்றில் இருக்கிறது. காய்ந்த மீன் சீவலும் கடற்பாசியும் போட்டு எடுக்கிற சாறு. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி என்று பார்த்தால் சைவம் போலத் தெரிகிற எதிலும் அது இருக்கலாம். அதனால் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் பரிமாறுபவர் நல்ல மனதோடு தாஷி ஊற்றிய காய்கறியைக் கொண்டுவந்து வைப்பார். இறைச்சி, மீன், கடல் உணவு, மீன் தாஷி, முட்டை எதுவும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றை அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பௌத்த மடங்களின் சைவச் சாப்பாடு ஷோஜின் ரியோரி. கடற்பாசி, காளான் சாற்றில் செய்வது. விலை அதிகம், முன்பதிவு வேண்டும், ஒரு வேளையாவது சாப்பிட்டுப் பார்க்கலாம். டோக்கியோ நிலையத்தில் டிக்கெட் காட்டி நுழைகிற வாசலுக்கு உள்ளே டீஸ் தன்தன் என்ற கடையில் மீன், முட்டை, பால் எதுவும் சேராத ராமென் நூடுல்ஸ் கிடைக்கிறது. நம் ஊர்ச் சாப்பாடே வேண்டும் என்றால் தோசாய் சுரங்க ரயில் பாதையில் நிஷி-கசாய். கம்ப்யூட்டர் வேலைக்குப் போன இந்தியக் குடும்பங்கள் நிறையப் பேர் குடியிருக்கிற பகுதி, இந்திய மளிகைக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன.

தினப்படிக்கு இதைவிட எளிய வழி, கடைகளில் சூடுபடுத்திச் சாப்பிடுகிற வெறும் சாதம் பெட்டியில் கிடைக்கும், சர்க்கரை சேர்க்காத தயிரும் கிடைக்கும், ஊறுகாய் நீங்கள் கொண்டுபோனால் தயிர்சாதம் ஆயிற்று. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டுபோகலாம். கறிவேப்பிலை, மாம்பழம் போன்ற பச்சைப் பொருட்களை எடுத்துப்போக வேண்டாம், சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்க மாட்டார்கள்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தனியாகப் போகிறேன். கோயில், கடைத்தெரு எதுவும் வேண்டாம், ரயில் மட்டும் போதும். மூன்று நாளுக்கு என்ன பார்க்கலாம்? — வாசகர், திருச்சி

ஐயா, இப்படிக் கேட்கிறவருக்குத் திட்டம் போடுவதில்தான் எனக்குச் சந்தோஷம்.

ஒரு நாள் முழுக்க ஓமியா ரயில்வே அருங்காட்சியகம். டோக்கியோவின் வடக்கே சைதாமாவில் இருக்கிறது, 2007இல் திறந்தது. 1872இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஜப்பானின் முதல் ரயில் ஓடியபோது இங்கிலாந்திலிருந்து வந்த முதலாம் எண் இன்ஜின் அங்கே நிற்கிறது. நடுவில் டர்ன்டேபிள் என்கிற சுழல்மேடை மேல் சி57 நீராவி இன்ஜின், குறிப்பிட்ட நேரங்களில் விசில் ஊதிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றும். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

இரண்டாம் நாள் யமனோதே வட்டப்பாதை. 34.5 கிலோமீட்டர், 30 நிலையம், ஒரு சுற்று வர சுமார் ஒரு மணி நேரம். கடைசிப் பெட்டியில் நின்று கார்டாக வேலை பார்ப்பவர் விரலை நீட்டி சிக்னலைக் காட்டி வாய்விட்டுச் சொல்வதைக் கவனியுங்கள், உங்கள் தொழிலில் இருந்தவருக்கு அதன் அருமை புரியும். நிப்போரியில் இறங்கினால் நிலையத்துக்குப் பக்கத்துப் பாலத்தின் மேலிருந்து இருபது வகை ரயில்கள் போவதைப் பார்க்கலாம், ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயில் உட்பட. அங்கே குழந்தைகளோடு வந்து நிற்கிற அப்பாக்கள் எப்போதும் இருப்பார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மினோவாபாஷியிலிருந்து வசேதா வரை டிராம். 12 கிலோமீட்டர், வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகிறது. பிற்பகல் டோக்கியோ நிலையம். 1914இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம், 1945 குண்டுவீச்சில் குவிமாடங்கள் போய், 2012இல் பழையபடி மீட்டார்கள். பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு ஷின்கான்சென் பிளாட்பாரத்துக்குப் போங்கள். வந்து நின்ற வண்டியை ஏழே நிமிடத்தில் துப்புரவு செய்து திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்க்க வேண்டும்.

ஜேஆர் பாஸ் வாங்கலாமா? — வாசகர், மதுரை

ஜேஆர் என்பது ஜப்பான் ரயில்வே, அதன் ரயில்களில் நாடு முழுக்கச் சுற்றுவதற்கான பாஸ் இது. டோக்கியோ மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. சுய்கா அல்லது பாஸ்மோ என்கிற ரயில் கட்டணக் கார்டில் பணம் போட்டுத் தட்டிக்கொண்டு போங்கள். நிறையச் சுற்றுவீர்கள் என்றால் 24, 48, 72 மணி நேர சுரங்க ரயில் டிக்கெட் லாபம், ஆனால் யமனோதே போன்ற ஜேஆர் பாதைகளில் அது செல்லாது.

என் தாத்தா மலாயா தோட்டத்திலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்தவர். டோக்கியோவில் நான் போய் வணங்க ஏதாவது இடம் உண்டா? — வாசகி, பினாங்கு

உண்டு அம்மா. சுகினாமி பகுதியில் ரென்கோஜி என்ற சிறிய பௌத்தக் கோயில். 1945 ஆகஸ்ட் 18 தைப்பே விமான விபத்துக்குப் பிறகு கொண்டுவந்த அஸ்தியை அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து அங்கே வைத்துப் பாதுகாக்கிறார்கள். முற்றத்தில் நேதாஜியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. நேரு 1957இலும் ராஜேந்திர பிரசாத் 1958இலும் வந்து போயிருக்கிறார்கள். அது அவருடைய அஸ்திதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை, மகள் அனிதா போஸ் அதை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுவருகிறார். எது எப்படியானாலும், முன்பின் தெரியாத ஒருவரின் அஸ்தியை ஒரு சின்னக் கோயில் இத்தனை ஆண்டு காத்துவருவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஷின்ஜுகுவிலிருந்து மருனோஉச்சி பாதையில் நாலாவது நிறுத்தம் ஹிகாஷி-கோயென்ஜி, அங்கிருந்து நடக்கிற தூரம். முற்றத்துச் சிலை வரை போகலாம். உள்கூடம் ஆகஸ்ட் 18 நினைவு நாள் தவிர சாதாரணமாகத் திறப்பதில்லை, எனவே தேதியைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் அன்றைக்கே வையுங்கள். வெயில் கடுமையாக இருக்கும், குடை கொண்டுபோங்கள்.

அதே நாளில் ஷின்ஜுகுவில் நகாமுராயா உணவகத்துக்கும் போகலாம். 1943இல் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்த ராஷ் பிஹாரி போஸ், ஆங்கிலேயரிடமிருந்து தப்பி ஒளிந்திருந்தது அந்தக் கடைக்காரக் குடும்பத்திடம்தான். அவர்கள் மகளையே மணந்தார். அவர் சொல்லிக்கொடுத்த இந்தியக் கோழிக் குழம்பு 1927 முதல் அங்கே பரிமாறப்படுகிறது. அவருடைய கல்லறை தாமா மயானத்தில் இருக்கிறது, அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள். எவ்வளவு கொண்டுபோகலாம்? — வாசகர், கோவை

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு உட்பட்டு என்றால் பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம், அதற்கு மேல் என்றால் புறப்படும் முன்பே ஜப்பான் சுகாதார அமைச்சகத்திடம் சான்று வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டோடு, மாத்திரைகளை அசல் அட்டையிலேயே கைப்பையில் வையுங்கள். சளி, மூக்கடைப்பு மாத்திரையில் மட்டும் கவனம், சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தடை. அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், அந்தப் பெயர் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.