நிட்டிங் மெஷினில் துணியின் தரத்தை உயர்த்தியது ஊசியா, ஃபீடரா?

நிட்டிங் மெஷின் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட இந்தக் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஊசியிலும், ஃபீடர் எனப்படும் நூல் ஊட்டும் அமைப்பிலும் காலப்போக்கில் என்னென்ன மாற்றங்கள் வந்தன என்பது ஒன்று. செட் முழுக்கப் புது ஊசி போட்டும் துணியில் விழும் கோடு மறையவில்லையே, ஏன் என்பது இன்னொன்று. நான் திருப்பூரில் சர்க்குலர் (வட்ட) நிட்டிங் மெஷின்களோடு பிழைப்பு நடத்துகிறவன். அதனால் இரண்டாவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். துணியின் நீளவாக்கில் ஓடினால் ஊசியையோ, ஊசிகளுக்கு நடுவே துணியைப் பிடித்துக்கொள்ளும் சிங்கர் தகட்டையோ சந்தேகப்படலாம். குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் ஊசி பாக்ஸைத் திறக்கவே வேண்டாம். ஒவ்வொரு ஊசியும் எல்லா ஃபீடரின் நூலையும் பின்னிக்கொண்டுதான் சுற்றி வருகிறது. ஒரு ஊசி கெட்டால் அந்த ஊசியின் தடம் மட்டும் கெடும். வரிசை முழுக்க வித்தியாசம் தெரிந்தால் அது நூல் வந்த விதத்தின் கோளாறு. ஆனால் நம் ஊர் நிட்டிங் கம்பெனிகளில் துணியில் எது வந்தாலும் முதல் பழி ஊசி மேல்தான். கடைக்குப் போனால் கையில் வாங்கி வரக்கூடிய பொருள் அது என்பதால் இருக்கலாம்.

இந்த ஊசி என்ன பாடுபடுகிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். 30 இன்ச் டயா (விட்டம்), 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி), 96 ஃபீடர் கொண்ட, பனியன் துணி பின்னும் சிங்கிள் ஜெர்சி மெஷினில் சுமார் 2,260 ஊசிகள். நிமிடத்துக்கு 30 சுற்று ஓடினால், ஒவ்வொரு ஊசியும் ஒரு நொடிக்குள் 48 முறை மேலேறி இறங்குகிறது. 48 முறையும், கொக்கியை மூடும் அதன் குட்டி லேட்ச் திறந்து மூடுகிறது. 20 மணி நேரம் ஓட்டினால் 34 லட்சம் தடவைக்கு மேல். இந்த வேகத்தில் ஊசியின் மேல் ஒரு வேலை கூடுதலாகச் சுமத்தினாலும் அது தாங்காது. மெஷினில் வந்த பெரிய முன்னேற்றங்களை வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலும் ஊசியிடமிருந்து ஏதாவது ஒரு வேலையைப் பிடுங்கி வேறொன்றிடம் கொடுத்ததாகவே இருக்கும்.

1589ல் இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம் பக்கம் கால்வர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ செய்த காலுறைப் பின்னல் எந்திரத்தில் இருந்தது ஸ்பிரிங் கொக்கி ஊசி. கொக்கியின் நுனி நீண்டு வளைந்து திறந்தே இருக்கும். பழைய லூப் (ஏற்கெனவே பின்னிய நூல் வளையம்) அதைத் தாண்டி வெளியே போக வேண்டுமானால், மேலிருந்து ஒரு பட்டை வந்து அந்த நுனியை அமுக்கி மூட வேண்டும். ஊசி தானாக எதையும் முடிக்காது. 1840களின் இறுதியில் லெஸ்டரைச் சேர்ந்த மேத்யூ டவுன்செண்ட் கொண்டுவந்த லேட்ச் ஊசியில் அமுக்கும் பட்டைக்கு வேலையே இல்லாமல் போனது. ஊசி ஏறும்போது தண்டில் கிடக்கும் பழைய லூப்பே லேட்சைக் கீழே தள்ளித் திறக்கிறது. இறங்கும்போது அதே லூப் லேட்சை மேலே தூக்கி மூடிவிட்டு, கொக்கிக்கு மேலே வழுக்கி வெளியேறுகிறது. துணியே ஊசியை இயக்கிக்கொள்கிறது என்று சொல்லலாம். ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாக, ஒன்றன் பின் ஒன்றாக ஏறி இறங்க முடிந்ததால்தான் இன்றைய வட்ட மெஷின் இத்தனை ஃபீடரோடு சாத்தியமானது. 1863ல் அமெரிக்காவில் ஐசக் லாம்ப் செய்த ஃபிளாட் மெஷினும் இந்த ஊசியை நம்பி வந்ததுதான். அதற்காகப் பழைய ஊசி உடனே ஓய்ந்துவிடவில்லை. மறு வருடமே வில்லியம் காட்டன் ஸ்பிரிங் ஊசியை வைத்துத் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். மெல்லிய ரகத் துணிக்கு அந்த ஊசி இன்னும் நீண்ட காலம் ஓடியது.

ஊசி மாறியும் ஒரு சுமை மாறவில்லை. நூல் சுற்றிய கோனிலிருந்து அதை இழுத்து வரும் வேலை ஊசியின் தலையிலேயே இருந்தது. இடையில் டென்ஷன் தட்டு மட்டும் இருக்கும். கோன் நிறைந்திருக்கும்போது நூல் ஒரு மாதிரி கழன்று வரும், அடிக்கு வரும்போது வேறு மாதிரி. ஒரு கோனில் மெழுகு சரியாக ஏறியிருக்கும், பக்கத்துக் கோனில் குறைவாக இருக்கும். நூல் இறுகினால் லூப் சின்னதாகும், தளர்ந்தால் பெரிதாகும். 1959ல் முண்டன் என்ற ஆய்வாளர், சாதாரண நிட் துணியின் அளவுகளைத் தீர்மானிப்பது லூப்பில் அடங்கியிருக்கும் நூலின் நீளம்தான் என்று தெளிவாகக் காட்டினார். அகலம், சுருக்கம், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) எல்லாமே அந்த நீளத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன. அப்படியானால் லூப் நீளத்தை ஊசியின் இழுவைக்கு விட்டுவிட முடியுமா?

அங்கேதான் பாசிட்டிவ் ஃபீடர் வருகிறது. என் கணக்கில் இந்த மெஷினுக்கு நடந்த ஆகப் பெரிய நல்லது இதுதான், லேட்ச் ஊசிக்கு அடுத்தபடியாக. மெஷினைச் சுற்றி ஒரு பல் டேப் ஓடுகிறது. அது எல்லா ஃபீடர் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. நூல் சக்கரத்தில் பல சுற்று சுற்றிக்கொண்டு, அளந்து கீழே இறங்குகிறது. டேப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது க்யூஏபி என்று நாங்கள் சொல்லும் அந்த விட்டம் மாற்றக்கூடிய புல்லி. மேலே சொன்ன மெஷினில் லூப் நீளம் 2.8 மி.மீ. வேண்டுமென்றால், ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு ஃபீடரும் சுமார் 6.3 மீட்டர் நூல் தர வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 190 மீட்டர். கோன் முழுசாக இருந்தாலும் தீரப்போனாலும் அதே 190தான். ஊசி இழுக்க வேண்டியதில்லை, வந்ததை வாங்கிக்கொண்டால் போதும்.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. பாசிட்டிவ் ஃபீடர் உள்ள மெஷினில், ஊசி எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஸ்டிச் கேமைத் திருகினால் லூப் நீளம் பெரிதாக மாறாது, நூலின் இறுக்கம்தான் மாறும். ஜிஎஸ்எம் குறைக்கச் சொன்னார்கள் என்று சிலர் க்யூஏபியைத் தொடாமல் ஸ்டிச் கேமை மட்டும் இறக்கிவிடுவார்கள். வருகிற நூல் அதே அளவு, ஊசியோ இன்னும் கீழே போய்ப் பெரிய லூப் கேட்கிறது. நூல் கம்பி மாதிரி விறைக்கும். துணியில் ஓட்டை விழும், அப்புறம் ஊசியின் கொக்கி பட்பட்டென்று ஒடியும். உடனே "இந்த பிராண்ட் ஊசி சரியில்லை" என்று பேச்சு கிளம்பும். சரியான வரிசை இதுதான்: க்யூஏபியில் நீளத்தை வைத்துக்கொண்டு, அப்புறம் டென்ஷன் மீட்டரைப் பிடித்து ஸ்டிச் கேமை அட்ஜஸ்ட் செய்வது.

ஃபீடருக்குக் கீழேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊசி இறங்கும் சரிவில் ஒரே நேரத்தில் பல ஊசிகளும் சிங்கர்களும் நூலை வளைத்துப் பிடித்திருக்கும். ஒவ்வொரு வளைவிலும் உராய்வு சேர்ந்து இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஊசிக்கு மேலேயிருந்து நூல் வருவதைவிட, சற்று முன்பு பின்னிய பக்கத்து லூப்பிலிருந்து பறிப்பது சுலபமாகிவிடும். 1966ல் நாப்டனும் முண்டனும் இந்தப் பறிப்பைத்தான் அளந்து எழுதினார்கள். இதைக் குறைக்க மேயர் நிறுவனம் ரெலானிட் மெஷின்களில் ஒரு வழி கண்டது. ஊசி கீழே இறங்கும்போது சிங்கர் அதற்கு எதிராக மேலே எழும்பும். பாதித் தூரத்தை சிங்கர் வந்து சந்திப்பதால் ஊசியின் பயணம் குறைகிறது, நூல் உரசும் இடங்களும் குறைகின்றன. மெல்லிய, பலம் குறைந்த நூலும் அதில் தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

இப்போதைய ஊசிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், மாற்றம் கொக்கியைவிடத் தண்டில்தான் அதிகம் கண்ணில் படும். வேகம் கூடினால், ஊசியை ஏற்றி இறக்கும் கேமில் மோதும் அதிர்ச்சி தண்டு வழியாக மேலே ஏறிக் கொக்கியை ஒடிக்கிறது. அதைத் தணிக்கத் தண்டில் வளைந்து வளைந்து வெட்டுகள் கொடுத்த ஊசிகள் வந்தன. அதற்கப்புறம் க்ரோஸ் பெக்கெர்ட் போன்ற ஊசி தயாரிப்பாளர்கள் தண்டைச் சில இடங்களில் மெலிதாக்கினார்கள். சிலிண்டர் சுவரில் உரசும் பரப்பு குறைந்தால் சூடும் குறையும், கரண்டும் மிச்சம். நல்ல ஊசிதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் ஒழுங்காகப் போகாத, பஞ்சு அடைத்த சிலிண்டரில் அந்த விலை கொடுத்து வாங்கிப் போடுவது வீண்.

லைக்ரா என்னும் இழுபடும் நூல் சேர்த்த துணிக்குத் தனி ஏற்பாடு. அந்த நூலைச் சாதாரணமாக இழுத்தால் நீண்டுகொண்டே போகும், எவ்வளவு போனது என்று தெரியாது. அதனால் பாபினையே உருளை மேல் உட்கார வைத்துச் சுற்றி, அளந்து விடுகிறார்கள். காட்டன் நூல் போகும் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் லைக்ரா போகும்; மீதி இழுபடுவதில் வந்துவிடும். ஜக்கார்டு டிசைனில் கதை தலைகீழ். எந்த ஃபீடருக்கு எத்தனை ஊசி நூல் கேட்கும் என்பது வரிசைக்கு வரிசை மாறுவதால் டேப் ஃபீடர் உதவாது. நூலை ஒரு டிரம்மில் சேமித்து வைத்து, கேட்கும்போது சீரான இறுக்கத்தில் விடும் ஸ்டோரேஜ் ஃபீடர்தான் வேண்டும். இன்று ஒவ்வொரு ஃபீடருக்கும் தனி மோட்டார் வைத்து, இறுக்கத்தை அதுவே அளந்து திருத்திக்கொள்ளும் வகையும் வந்துவிட்டது. சாதாரண ஜெர்சி ஓட்டுகிறவருக்கு அது தேவையில்லாத செலவு என்பது என் அபிப்பிராயம்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். குறுக்குப் பட்டை சுமார் 5 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறதா? 96 ஃபீடர் மெஷினில் அப்படி வந்தால் ஏதோ ஒரு ஃபீடர் அல்லது ஒரு கோன் மட்டும் தப்பு. அந்தக் கோனை எடுத்துப் பத்து ஃபீடர் தள்ளி மாட்டுங்கள். பட்டையும் கூடவே நகர்ந்தால் நூல் லாட் கலந்திருக்கிறது, மில்லோடு பேசுங்கள். நகராமல் அதே இடத்தில் நின்றால் அந்த ஃபீடரின் சக்கரம் தேய்ந்திருக்கிறதா, நூல் சுற்று குறைவாக இருக்கிறதா, டேப் தளர்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள். ஸ்பீட் மீட்டரை வைத்தால் பக்கத்து ஃபீடரோடு வித்தியாசம் உடனே தெரியும். வேகம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்து இறுக்கம் மட்டும் மாறினால், அந்த இடத்து ஸ்டிச் கேம். நீளவாக்கில்தான் கோடு என்றால், புது ஊசிகளுக்கு நடுவே பழையது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் சிங்கர்களைக் கழற்றி, நூல் உரசும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் நகம் தட்டும்.