காம்பினேஷன் காமெடி: கேள்வி பதில்

கேள்வி: 5 பேர் நடிக்கும் முழுநீளக் காமெடிப் படத்துக்கு ஆடிஷன் நடக்கிறது. தனித்தனியாக எல்லாருமே சிரிக்க வைக்கிறார்கள். சேர்த்து நிறுத்தினால் காட்சி படுத்துவிடுகிறது. ஏன்?

பதில்: தனி ஆடிஷனில் ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பது மட்டும்தான் தெரியும். எப்படிக் கேட்கிறார் என்பது தெரியாது. கூட்டுக் காமெடி கேட்பவர் முகத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் சுற்றில் யாரையும் தனியாகப் பார்க்காதீர்கள். 2 பக்கக் காட்சி ஒன்றை ஜோடி மாற்றி மாற்றி நடிக்க வையுங்கள். 5 பேருக்கு 10 ஜோடி வரும். ஜோடிக்கு 15 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். கேமரா கேட்பவர் மேல் இருக்கட்டும். தன் முறைக்காகக் காத்திருப்பவர், எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே மூச்சை இழுத்துத் தயாராகிவிடுவார். அது கேமராவில் அப்பட்டமாகத் தெரியும். இன்னொரு சோதனை: ஒருவரிடம் மட்டும் ரகசியமாக ஒரு வரியை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். மாறிய வரிக்கே பதில் கொடுப்பவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்க டீம்ல எல்லாரும் நெருங்கிய நண்பர்கள். கெமிஸ்ட்ரி தானா வந்துடும்ல சார்?

பதில்: தானாக வராது. நட்பு கூச்சத்தைப் போக்கும், அவ்வளவுதான். நண்பர்கள் பல சமயம் ஒரே வேகத்தில், ஒரே ஏற்ற இறக்கத்தில் பேசுவார்கள். திரையில் அது ஒரே ஆள் பேசுவதுபோல ஆகிவிடும். வேண்டியது வேக வித்தியாசமும் அந்தஸ்து வித்தியாசமும். லாரல், ஹார்டி ஜோடியில் உடல்வாகு வித்தியாசம் பாதிதான். தன்னைப் பெரிய புத்திசாலி என்று ஹார்டி மனதார நம்புவதுதான் மீதி.

கேள்வி: சிரிப்பே வராத சீரியஸ் ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டுமா?

பதில்: வேண்டும். அந்த இடத்துக்குத்தான் ஆகச் சிறந்த நடிகரைப் போடவேண்டும். 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமும் அபிநயமும் நாகேஷுடையவை. ஆனால் எதிரில் உட்கார்ந்து நிஜமாகவே பயப்படும் பாலையா இல்லாவிட்டால் அது வெறும் மிமிக்ரி. அவர் 'நான் காமெடி பண்ணுகிறேன்' என்று ஒரு நொடிகூடக் காட்டிக்கொள்வதில்லை. ஒலியை நிறுத்திவிட்டு அவர் முகத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: எத்தனை பேர் வரை தாங்கும்?

பதில்: ஒரே காட்சியில் 4 முதல் 6. ஸ்கிரிப்டில் பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தைப் படியுங்கள். இருவர் வரிகளை இடம் மாற்றினாலும் பொருந்துகிறது என்றால் அந்த இரண்டு பாத்திரங்களையும் ஒன்றாக்கிவிடலாம்.

கேள்வி: செட்டில் சொந்தமாக வசனம் சேர்க்க விட்டோம். அங்கே எல்லாரும் உருண்டு சிரித்தார்கள். எடிட்டில் ஒன்றுமே ஒட்டவில்லை.

பதில்: ஒரே கேமராவில் எடுத்திருப்பீர்கள். புது வசனம் முதல்முறை விழும்போது எதிராளி முகத்தில் வரும் திகைப்பு பிறகு க்ளோசப் எடுக்கும்போது திரும்ப வராது. 2 கேமராவை எதிரெதிராக வைத்து இருவரையும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். ஆளுக்கு ஒரு லேப்பல் மைக் (சட்டையில் குத்தும் சின்ன மைக்), தனித்தனி டிராக். இல்லையென்றால் பேச்சு மேல் பேச்சு ஏறிய இடத்தைப் பிரிக்கவே முடியாது. எழுதியபடி 2 டேக் கையில் வந்த பிறகே சுதந்திரம் கொடுங்கள். டம்ளரை எந்த வரியில் எடுக்கிறார், எந்த வரியில் வைக்கிறார் என்பது மட்டும் மாறவே கூடாது. கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி, உடைந்தால் எவ்வளவு நல்ல டேக்கும் வீண்.

நம் மொழிக்கே உரிய சிக்கலும் உண்டு. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் வருவதால், சிரிப்பைக் கொண்டுவரும் சொல்லும் அநேகமாக அங்கேதான் இருக்கும். அடுத்தவர் அரை நொடி முந்தினாலும் பஞ்ச் போய்விடும். முந்திப் பேசவேண்டிய இடங்களை ஒத்திகையிலேயே குறித்துவிடுங்கள்.

கேள்வி: தியேட்டரில் சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் கேட்காமல் போகிறது. இடைவெளி விட்டால் படம் தொய்கிறது.

பதில்: அந்த இடைவெளியில் ஏதாவது செயல் நடக்கட்டும். 'சம் லைக் இட் ஹாட்' (1959) படத்தில் இயக்குநர் பில்லி வைல்டர், நடிகர் ஜேக் லெமன் கையில் மரக்காஸ் என்ற கிலுகிலுப்பையைக் கொடுத்து, வரிக்கு வரி நடுவே அதை ஆட்டவைத்தார். சிரிப்பு அடங்க நேரம் கிடைத்தது, காட்சியும் நிற்கவில்லை. எடிட்டில் ரியாக்ஷன் ஷாட்டை (கேட்பவர் முகத்தைக் காட்டும் ஷாட்) 12 ஃப்ரேம், அதாவது அரை நொடி, கூட்டியும் குறைத்தும் இரண்டு வடிவம் செய்து, படத்தை முன்பின் பார்க்காத 20 பேருக்காவது போட்டுக்காட்டி முடிவெடுங்கள்.

கேள்வி: கால்ஷீட் குறைவு. முதல் நாளே எல்லாரும் வரும் காட்சியை எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முதல் 2, 3 நாள் இருவர் இருவராக வரும் காட்சிகளை எடுங்கள். யார் எங்கே மூச்சு விடுவார், யார் எங்கே இழுப்பார் என்று அவர்களுக்கே பிடிபட்டுவிடும். வழியே இல்லை என்றால் அந்தக் காட்சிக்கு மட்டுமாவது முந்தைய நாள் மாலை, செட்டிலேயே, நிஜப் பொருள்களோடு ஒத்திகை வையுங்கள்.